லயத்தில் இன்னொரு கடையா?

வேலையிலிருந்து நின்று சேவைக்காலப் பணம் கைக்கு வந்ததும் நம்மில் பலருக்கு முதலில் வரும் யோசனை, முன்காம்பராவில் ஒரு சில்லறைக் கடை. டிவிஷனில் ஏற்கெனவே மூன்று கடை இருக்கும். நான்காவது கடைக்கு யார் வருவார்கள்? மற்ற மூன்றிலும் கடன் கொப்பி நிரம்பியவர்கள்தான்! "சம்பளத்துக்குக் குடுத்துர்றேண்ணே" என்று சொந்தக்காரர் கேட்டால் மறுக்க முடியுமா? சீனி, மாவு எல்லாம் கொப்பியில் ஏறிவிடும். மறுசரக்கு எடுக்கக் கையில் காசிராது.

ஆகவே, எதற்காக நாம் பஸ் ஏறி டவுனுக்குப் போகிறோம் என்று முதலில் பாருங்கள். ஒரு மாதம் அக்கம்பக்கத்தில் விசாரித்து எழுதி வையுங்கள்.

உதாரணத்துக்குத் தையல். இலவசச் சீருடைத் துணித் திட்டம் 1993இல் தொடங்கியது. துணிதான் இலவசம், தையல்கூலி நம் செலவு. டிவிஷனில் 60 பிள்ளைகள் என்றால், ஆளுக்கு ஒன்றாக 60 சீருடை. நாளைக்கு இரண்டு தைத்தாலும் 30 நாள் வேலை. எல்லாரும் ஒரேயடியாக வருவார்கள், துணி கிடைத்த வாரமே அளவெடுத்துவிட வேண்டும்.

மற்ற மாதங்களில்? புத்தகப் பைக்குச் சிப் மாற்றுவது, கிழிந்த படங்குக்கு ஒட்டுப்போடுவது. இந்தச் சின்ன வேலைகளுக்கு டவுன் டெயிலர் முகம் சுளிப்பார். அங்கேதான் நமக்கு இடம்.

இதிலும் கடன் கேட்பார்கள்தான். ஆனால் துணி அவர்களுடையது, நம் முதலில் போவது நூலும் பொத்தானும் மட்டுமே. அளவெடுக்கும்போதே பாதிக் கூலியை வாங்கிக்கொள்ளுங்கள். மீதிக்காகப் பிள்ளையின் சீருடையைப் பிடித்து வைக்காதீர்கள்.