தட்டுகள் நெருப்புக் கடலில் மிதக்கின்றனவா?

மேலோட்டுக்கு அடியில் பாறைக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது, கண்டங்களும் கடல்தளங்களும் அதன்மேல் மிதந்து நகர்கின்றன, எங்காவது விரிசல் விட்டால் குழம்பு எரிமலையாகப் பொங்குகிறது. அறிவியல் வகுப்பில் புவித்தட்டுகளைப் படித்த பலரின் மனத்தில் தங்கியிருப்பது இந்தச் சித்திரம்தான். படங்களில் தீட்டப்படும் சிவப்பும் மஞ்சளும் அதை இன்னும் ஆழமாகப் பதித்துவிடுகின்றன. உண்மையில், மேலோட்டுக்குக் கீழே சுமார் 2,900 கி.மீ. ஆழம்வரை உள்ள கவசம் ஏறக்குறைய முழுவதும் திடப்பாறை.

யாரும் இறங்கிப் பார்க்காத இடத்தைப் பற்றி இதை எப்படி உறுதியாகச் சொல்வது? சாட்சி நிலநடுக்கங்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ஆர். டி. ஓல்டாம், 1897ஆம் ஆண்டின் அசாம் பெருநிலநடுக்கப் பதிவுகளில் வெவ்வேறு வேகத்தில் வந்துசேரும் அலைவகைகளைப் பிரித்துக் காட்டினார். அவற்றில் முதன்மை அலை திடத்திலும் திரவத்திலும் செல்லும். பாறையைப் பக்கவாட்டில் அசைத்தபடி செல்லும் இரண்டாம் நிலை அலையோ திரவத்துக்குள் நுழையவே நுழையாது. கவசம் குழம்பாக இருந்திருந்தால் இந்த அலை அதைக் கடந்திருக்க முடியாது. ஆனால் கடக்கிறது, அதன் அடித்தளம்வரை செல்கிறது. அது நின்றுபோவது 2,900 கி.மீ. ஆழத்தில், வெளிக்கருவத்தின் வாசலில். திரவம் இருப்பது அங்கேதான், அதுவும் பெரும்பாலும் உருகிய இரும்பு.

அவ்வளவு சூட்டில் பாறை உருகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தட்டுகளின் அடியில் ஏறத்தாழ 1,300 டிகிரி செல்சியஸ் வெப்பம் உண்டு. தரைமட்டத்தில் அதே பாறை அந்தச் சூட்டில் உருகத் தொடங்கிவிடும். ஆழத்தில் அதன் மேல் அழுத்தும் பாரம் உருகுநிலையை உயர்த்திவிடுவதால் அது திடமாகவே இருக்கிறது. குழம்பு பிறக்க ஏதாவது மாற வேண்டும். நடுக்கடல் மலைத்தொடர்களில் தட்டுகள் விலகும்போது கவசப்பாறை மேலெழுகிறது, அழுத்தம் குறைகிறது, சூடு கூடாமலேயே ஒரு பகுதி உருகுகிறது. தட்டு அடியில் அமிழும் இடங்களில் வேலை செய்வது தண்ணீர். அமிழும் தட்டிலிருந்து வெளியேறும் நீர் மேலுள்ள கவசப்பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. அந்தமானின் பாரன் தீவு எரிமலை இப்படி உருவானதுதான். நீண்ட உறக்கத்துக்குப் பின் 1991இல் அது மீண்டும் வெடித்தது. எரிமலைகள் தட்டுகளின் விளிம்புகளில் கூட்டமாக இருப்பதற்கும் இந்த மாற்றங்களே காரணம். கீழே எங்கும் குழம்புக் கடல் இருந்தால் அவை எங்கும் பரவலாக அல்லவா இருக்க வேண்டும்?

திடப்பொருள் எப்படி நகரும் என்பது அடுத்த தடை. இமயத்தின் பனியாறுகள் திடமான பனிக்கட்டிதான், ஆனாலும் பள்ளத்தாக்கில் மெல்ல வழிந்து இறங்குகின்றன. கவசப்பாறை அதைவிடப் பன்மடங்கு மெதுவாக, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அளவில் நகர்கிறது. பனியுகத்தில் பனிப்போர்வையின் பாரத்தால் அழுந்திய ஸ்காண்டிநேவியா, பாரம் நீங்கி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழிந்தும், சில இடங்களில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வீதம் இன்னும் உயர்ந்துகொண்டிருக்கிறது. அடியில் தண்ணீர்போன்ற குழம்பு இருந்திருந்தால் அது எப்போதோ எழுந்து ஓய்ந்திருக்கும். தட்டுகளுக்குக் கீழுள்ள மென்பாறை அடுக்கில் அலைகள் வேகம் குறைகின்றன என்பது மெய்தான். அங்கே உருகிய பாறை இருந்தாலும் அது கனிம மணிகளுக்கிடையே கசியும் சிறு பங்குதான்.

பிள்ளைகளுக்காக எளிமைப்படுத்தியதில் என்ன குற்றம் என்பாரும் உண்டு. எளிமை வேறு, பிழை வேறு. இந்தச் சித்திரத்தோடு அடுத்த பாடத்துக்குப் போகும் மாணவர், உருமாறிய பாறையும் உருகித்தான் மாறியது என்றே நினைப்பார். சுண்ணாம்புக்கல் உருகாமலே, திட நிலையிலேயே, வெப்பத்திலும் அழுத்தத்திலும் பளிங்காகிறது. உருகி இறுகினால் அது தீப்பாறைக் கணக்கில் சேர்ந்துவிடும். நகர்வின் காரணமும் பிழையாகிறது. தட்டுகளை இழுப்பதில் பெரும்பங்கு, குளிர்ந்து கனத்துக் கவசத்துக்குள் அமிழும் அவற்றின் சொந்த விளிம்புக்கு உண்டு. அத்தகைய விளிம்புகள் நிறைந்த பசிபிக் தட்டு விரைந்து நகர்வதும், அவை அதிகம் இல்லாத யூரேசியத் தட்டு தயங்கி நகர்வதும் தற்செயல் அல்ல.

அமெரிக்காவின் அரிசோனாவில் சான் கார்லோஸ் பகுதியில் எரிமலைக்குழம்பு தூக்கிவந்த கவசப்பாறைத் துண்டுகள் கிடைக்கின்றன. ஆலிவின் படிகங்கள் நிறைந்த அந்தத் துண்டுகளின் நிறம் பச்சை. ஆசிரியர்களே, அடுத்த முறை பூமியின் குறுக்குவெட்டை வரையும்போது, கவசத்துக்குச் சிவப்புச் சாக்பீஸை எடுக்காதீர்கள்.