பூட்டாமல் எழுதாதீர்கள்

திருத்தணியில் கணினிக்கூடப் பொறுப்பை முதன்முதலாக ஏற்கும் தம்பி தங்கைகளுக்கு:

1. பருவத் தொடக்கத்தில் எல்லோருக்கும் ஒரு கடவுச்சொல்லைக் கொடுத்து, முதலில் நுழையும்போதே மாற்றச் சொல்வது வழக்கம். அரக்கோணத்திலிருந்து ரயிலில் வந்தவரும் நகரியிலிருந்து பஸ்ஸில் வந்தவரும் மணி அடித்ததும் ஒரே நிமிடத்தில் மாற்றுவார்கள். அந்த நெரிசலை உண்டாக்குவது நாம்தான்.

2. யூனிக்ஸில் ஒருவர் கடவுச்சொல்லை மாற்றினால் அவருடைய வரி மட்டும் திருத்தப்படுவதில்லை. எல்லோருடைய கடவுச்சொல் பதிவும் இருக்கும் ஷேடோ கோப்பு முழுவதையும் படித்து, முழுவதையும் திரும்ப எழுதுகிறது மாற்றும் கட்டளை. பூட்டு இல்லாமல் இருவர் ஒரே சமயத்தில் பழைய கோப்பைப் படித்துவிட்டால், பிந்தி எழுதியவரின் பிரதி முந்தியவரின் மாற்றத்தை விழுங்கிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. மறுநாள் "சார், பாஸ்வேர்ட் எடுக்க மாட்டேங்குது" என்று வந்து நிற்கும் பிள்ளையை, மறந்துவிட்டாய் என்று அதட்டாதீர்கள். அது மெய்யாகவே மாற்றியிருக்கலாம்.

3. லினக்ஸின் பாஸ்வேர்ட் கட்டளை முதலில் பூட்டுகிறது. பிறகு புதுப் பிரதியைத் தனியாக எழுதி, பெயரை மாற்றிப் பழையதன் இடத்தில் வைக்கிறது. அந்த நேரத்தில் படிப்பவருக்குப் பழையதோ புதியதோ முழுசாகக் கிடைக்கும், அரைகுறையாகக் கிடைக்காது. சாதாரண எடிட்டரில் நீங்கள் திறந்தால் இந்தக் காவல் ஒன்றும் இல்லை. கையால் திருத்தியே தீரவேண்டுமென்றால் விஐபிடபிள்யூ கட்டளை மட்டும்தான்.

4. அந்தக் கட்டளை பயன்படுத்தும் சி நூலகத்தின் பூட்டு 15 வினாடிதான் காத்திருக்கும். பிறகு முடியாது என்று சொல்லிவிடும். அப்படிச் சொன்னால் சந்தோஷப்படுங்கள், சத்தமில்லாமல் தொலைவதைவிட அது மேல். கொஞ்சம் பொறுத்து மறுபடி முயலச் சொல்லுங்கள். பாஸ்வேர்ட் கட்டளை தானே வைக்கும் பூட்டுக் கோப்பை அழிக்கத்தான் கை போகும். அதிலுள்ள எண்ணுக்குரிய செயல் இன்னும் ஓடுகிறதா என்று பார்க்காமல் தொடக்கூடாது.

5. ஒரு கணினியின் பூட்டு அடுத்த கணினியைக் கட்டுப்படுத்தாது. அதனால்தான் 1980களில் சன் நிறுவனம் கொண்டுவந்த என்ஐஎஸ் முறையில், எந்த மேசையிலிருந்து மாற்றினாலும் தலைமைக் கணினியின் ஒரே சேவைதான் எழுதும். துணைக் கணினிகளுக்குப் பிரதி போகும். பிரதி போய்ச் சேரும்வரை அங்கே பழைய கடவுச்சொல்தான் செல்லும். இதை மாணவர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். புதிதாக அமைப்பதானால் எல்டாப் என்ற அடைவுச் சேவையை வையுங்கள். அதில் ஒவ்வொருவருக்கும் தனிப் பதிவு, ஒருவர் மாற்றம் மற்றவரைத் தொடாது.

6. நம் ஊர் வகுப்பில் இரண்டு தணிகைவேல் இருப்பது சகஜம். குழப்பம் வராமலிருக்க, பயனர் பெயராகச் சேர்க்கை எண்ணையே வையுங்கள்.

7. கட்டாய மாற்றத்தை வகுப்புக்கு ஒரு நாளாகப் பிரித்துவிடுங்கள். அன்றைக்கு முதல் பத்து நிமிடம் கூடத்திலேயே இருங்கள். ஒவ்வொருவரையும் வெளியேறி, புதுக் கடவுச்சொல்லால் மறுபடி நுழையச் சொல்லிப் பாருங்கள்.