மரம் காகிதக் கூழாகும் விதம்

மும்பையில் தாராவிக் கொட்டகைகளில் பழைய செய்தித்தாள், வெள்ளைத்தாள், அட்டை ஆகியவற்றைத் தொழிலாளர் கையால் வகை பிரிப்பதைக் காணலாம். எல்லாம் காகிதமே ஆயின், பிரிப்பானேன் என்னும் ஐயம் எழலாம். மரம் கூழாகும் முறையை அறிந்தால் இவ்வையம் நீங்கும்.

மரம் நுண்ணிய நார்களால் ஆனது. நார்களின் முதன்மைப் பொருள் செல்லுலோஸ். லிக்னின் என்னும் பொருள் அந்நார்களைப் பசைபோல் பிணைத்து நிற்கிறது. மரத்தின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இதுவே. இப்பிணைப்பை நீக்கி நார்களைப் பிரித்தலே கூழ் செய்தல் எனப்படும். இதற்கு இரு முறைகள் முக்கியமானவை.

முதலாவது இயந்திர முறை. பட்டை உரித்த கட்டையைச் சுழலும் கல்லில் அழுத்தி, நீர் விட்டு அரைப்பர். மரத்தின் எடையில் 90 சதவீதத்திற்கு மேல் கூழாகக் கிடைக்கும். ஆயினும் நார்கள் சிதையும். லிக்னினும் கூழிலேயே தங்கிவிடும். செய்தித்தாள் வெயிலில் மஞ்சளாவது இதனாலேயே. மத்தியப் பிரதேசத்தில் நேபாநகரில் 1956இல் தொடங்கி வைக்கப்பெற்ற ஆலை, சலாய் மரத்தையும் மூங்கிலையும் கொண்டு செய்தித்தாளுக்குரிய காகிதத்தை நம் நாட்டிலேயே செய்ய வழி வகுத்தது.

இரண்டாவது இரசாயன முறை. மரச் சில்லுகளைக் காஸ்டிக் சோடா, சோடியம் சல்பைடு ஆகியவற்றின் கரைசலில், மூடிய கலத்தில், சுமார் 170 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் வேகவைப்பர். லிக்னின் கரைந்து நீங்கும். நார்கள் நீளமும் வலிமையும் குன்றாமல் கிடைக்கும். ஆனால் மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதியே கூழாகும். எஞ்சும் கருநிறக் கழிவுநீரை ஆற்றில் விட்டால் மீன்கள் மடியும். ஆகவே அதனைச் சுண்டக் காய்ச்சி எரித்து, நீராவியையும் இரசாயனப் பொருள்களையும் மீட்கின்றனர்.

இனித் தாராவிக்கு வருவோம். செய்தித்தாள் கலந்த கூழிலிருந்து நல்ல வெள்ளைத்தாள் செய்தல் அரிது. மேலும், ஒவ்வொரு முறை கூழாகும்போதும் நார் குறுகி நலிவதால், ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு முறைகளுக்குமேல் அது பயன்படாது. எனவே புதிய கூழின் தேவை முற்றும் ஒழிவதில்லை. ஆயினும் முறையாகப் பிரித்த ஒவ்வொரு கட்டுக் காகிதமும் வெட்டப்படும் மரத்தைக் குறைக்கிறது. கரூரை அடுத்த புகளூர் ஆலை 1984 முதல் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்து வருவதும் இந்நோக்கிற்கு இசைந்ததே.

ஆசிரியர்கள் வகுப்பில் ஓர் எளிய சோதனை செய்யலாம். செய்தித்தாள் துண்டு ஒன்றையும் வெள்ளைத்தாள் துண்டு ஒன்றையும் பாதி மூடி, சில நாள் வெயிலில் வைக்க. செய்தித்தாளின் மூடாத பாதி மட்டும் தெளிவாக மஞ்சளாகும். லிக்னின் எந்தத் தாளில் மிகுதி என்பதை மாணவர் தாமே கண்டறிவர்.