கடலைத் தள்ளி வைத்த ஆறுகள்

மாணவர்களே, பெருமழைக்கு மறுநாள் ஈப்போவில் கிந்தா ஆற்றைப் பார்த்ததுண்டா? தே தாரே நிறத்தில் ஓடும். அந்த நிறம் மலைச்சரிவிலிருந்து வந்த மண். ஆறு அந்த மண்ணைக் கடல்வரை கொண்டுபோனால் என்ன ஆகும்? பழைய கிரேக்கர்கள் எழுதிவைத்த இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

தெர்மோபிலே கணவாய்

கி.மு. 480-இல் ஸ்பார்ட்டா மன்னன் லியோனிடாஸ் சிறுபடையுடன் பாரசீகப் பெரும்படையை இங்கு எதிர்த்து நின்றான். ஒருபுறம் மலை, மறுபுறம் கடல், நடுவே ஒடுங்கிய வழி. இன்று அங்கே போனால் கடல் பக்கத்தில் இல்லை. பல கிலோமீட்டருக்குச் சமவெளிதான். ஸ்பெர்கியோஸ் ஆறு கொட்டிய வண்டல் அது. ‘வெந்நீர் வாயில்’ என்ற பெயருக்குக் காரணமான ஊற்றுகள் மட்டும், நம் தம்புன் ஊற்றைப் போல, இன்றும் சுடுகின்றன.

கொற்கைத் துறைமுகம்

பாண்டியரின் முத்துத் துறைமுகம் கொற்கை. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் தாலமி அதைக் ‘கொல்கோய்’ என்று குறித்தார். இன்று அது கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் சிற்றூர். தாமிரபரணியின் வண்டல் கடலைத் தள்ளியது. வணிகம் காயலுக்குப் போனது; பிறகு பழையகாயலையும் கடல் விட்டு விலகியது.

ஒரே செயல், இரு விளைவுகள். கணவாய் அகன்று காவலை இழந்தது. துறைமுகம் கடலையே இழந்தது. பழைய நூல்கள் பொய் சொல்லவில்லை. நிலம்தான் மாறிவிட்டது.

ஏன் படிகிறது?

கடலைத் தொடும்போது ஆற்றின் வேகம் குறைகிறது. முதலில் மணல் படியும். நுண்ணிய களிமண் துகள்கள் உப்புநீரில் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து இறங்கும்.

செய்து பாருங்கள்: இரண்டு கண்ணாடிக் குவளைகளில் களிமண் கலங்கிய நீரைச் சம அளவு ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் இரண்டு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, இரண்டையும் கலக்கி அசையாமல் வையுங்கள். எது முதலில் தெளிகிறது? நேரத்தைக் குறியுங்கள்.

நம் பேராவில்

அன்று ஈய லம்பங்களின் மண் கிந்தா ஆற்றை மேடாக்கியது. மேடான ஆறு எளிதில் கரைமீறும். தோட்டங்களிலோ, மண் ஓடாதிருக்கச் சரிவைப் படிகளாக வெட்டி, ரப்பர் நட்டு, மரங்களுக்கிடையே கொடிப்பயிர் வளர்த்தார்கள். அந்த வேலையில் நம் தாத்தா பாட்டிகளின் கைகளும் இருந்தன.

சிந்திக்க: உங்கள் ஊர் ஆற்றை இன்று கலக்கும் மண் எந்தச் சரிவிலிருந்து வருகிறது?