அட்டகாசமும் ரவுடியும்

நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று எங்கள் பாட்டிமார் அடிக்கடி கூறுவர். அப்பழமொழியின் பொருளை நாங்கள் இவ்வாண்டுதான் உணர்ந்தோம்.

எங்களுள் சிலர் குயிலாப்பாளையத்திலிருந்து பேருந்தில் பள்ளிக்கு வருகிறோம். முந்திரித் தோப்புகளைத் தாண்டும்போது ஒருத்தி சிரிக்கத் தொடங்கினால் போதும், பேருந்து முழுவதும் அது பரவிவிடும். ஒருநாள் முன் இருக்கையில் இருந்த அம்மையார் ஒருவர் திரும்பிப் பார்த்து, "என்னம்மா இது அட்டகாசம்? பெண் பிள்ளைகளா, ரவுடிகளா?" என்று கேட்டார். எங்கள் முகம் சுருங்கிவிட்டது. தமிழம்மாவிடம் சென்று முறையிட்டோம். அவர் புன்னகையுடன், "அந்த அம்மா சொன்ன இரண்டு சொற்களில் ஒன்று உங்களுக்குப் பொருந்தும், மற்றொன்று பொருந்தாது. எது என்று நீங்களே கண்டுபிடித்து வாருங்கள்" என்றார். நாங்கள் கண்டவற்றை இங்கே தருகிறோம்.

சிரிப்பில் பிறந்த சொல்

அட்டகாசம் என்பது வடமொழியின் 'அட்டஹாசம்' தமிழில் ஏற்ற வடிவமாகும். ஹாசம் என்றால் சிரிப்பு. எனவே அட்டகாசம் என்பதன் முதற்பொருள் உரத்த சிரிப்பேயாகும். பரிகாசம், ஹாஸ்யம் ஆகியவையும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. உரத்துச் சிரிப்பவர் பிறரைப் பொருட்படுத்துவதில்லை என்ற எண்ணத்தால், நாளடைவில் இச்சொல் அடங்காத செயலைக் குறிக்கலாயிற்று. 'குரங்குகள் அட்டகாசம்', 'ரவுடிகள் அட்டகாசம்' என்று செய்தித்தாள்கள் தலைப்பிடுவதை அனைவரும் அறிவோம். இன்றோ, "குழம்பு அட்டகாசம்!" என்று அம்மாவைப் பாராட்டவும் இதே சொல் பயன்படுகிறது. திட்டாகவும் பாராட்டாகவும் வழங்கும் விந்தைச் சொல் இது.

ஆளைச் சுட்டும் சொற்கள்

அட்டகாசம் செயலைச் சுட்டுவது. ஆளைச் சுட்டுவதற்கோ நம்மிடம் போக்கிரி, காலி, கேடி, குண்டர், ரவுடி எனப் பல சொற்கள் உள்ளன. போக்கிரி என்ற சொல் அண்டை மொழியான தெலுங்கிலும் உண்டு. ரவுடி ஆங்கிலச் சொல். அது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வழக்கிற்கு வந்து, பின்னர்க் கடல் கடந்து நம் ஊர்த் திண்ணை வரை வந்துவிட்டது. கேடி என்பதைக் 'கேடு' என்னும் சொல்லோடு தொடர்புடையது என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். உண்மையில் அது 'கே.டி.' என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள். கொள்ளைக்காரர் என்று தெரிந்தவர்களைக் காவல் நிலையப் பதிவேட்டில் குறிக்கும் சுருக்கெழுத்து அது. அதையே பாட்டிமார், "சரியான கேடிப் பொண்ணு!" என்று கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சுவதற்கும் பயன்படுத்துகின்றனர்.

குண்டன் என்றால் உடல் பருத்தவன் என்பது தமிழ் வழக்கு. வடநாட்டில் 'குண்டா' என்றால் அடியாள். வங்காளத்தில் 1923லேயே குண்டர் சட்டம் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் தடுப்புக் காவல் சட்டத்தை மக்கள் 'குண்டர் சட்டம்' என்றே அழைக்கின்றனர். அதன்படி ஒருவரை வழக்கு விசாரணையின்றி ஓராண்டு வரை காவலில் வைக்க இயலும்.

பிறக்கும்போதே ஒட்டிய பெயர்

ஒரு சொல் எவ்வளவு கொடியதாகக்கூடும் என்பதற்கு 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டமே சான்று. ஆங்கில அரசு சில சமூகங்களை முழுமையாகவே குற்றவாளிகள் என்று பதிவு செய்தது. 1911இல் இச்சட்டம் சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. தவறே செய்யாதவர்களும் கைரேகை வைக்க வேண்டியிருந்தது. இதனை எதிர்த்த மதுரை மாவட்டப் பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்து, பலர் உயிரிழந்தனர். நாடு முழுவதும் அச்சட்டம் நீங்கியது 1952இல்தான். இன்று அச்சமூகங்களைத் தமிழக அரசு 'சீர்மரபினர்' என்று குறிப்பிடுகிறது. ஒரு சொல் இழைத்த தீங்கிற்கு மற்றொரு சொல்லால் மருந்திட முயன்றிருக்கிறார்கள்.

தாமே சூட்டிக்கொண்ட பெயர்

திருச்சபை வரலாற்றிலும் ஒரு கூட்டம் உண்டு. 4ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகரில் பயின்ற முரட்டு மாணவர் சிலர் தம்மைக் 'கவிழ்ப்போர்' என்று இலத்தீனில் பெருமையோடு அழைத்துக்கொண்டனர். கூச்சமுள்ள புதிய மாணவரைக் கேலி செய்து கலங்கடிப்பதே அவர்கள் விளையாட்டு. அங்கே பயின்ற புனித அகுஸ்தினார், அச்செயல்களை வெறுத்தும், அவர்களைப்போல் இல்லாததற்கு நாணி அவர்களோடு சேர்ந்து திரிந்ததாகப் பிற்காலத்தில் எழுதியுள்ளார். இதையே இன்று ராகிங் என்கிறோம். தமிழ்நாடு 1997இல் சட்டம் இயற்றி அதனைத் தடை செய்தது. அன்று அந்த மாணவருக்கு 'கவிழ்ப்போன்' என்ற பெயரே நிலைத்திருந்தால், பின்னாளில் ஹிப்போ நகரின் ஆயரை உலகம் கண்டிருக்குமா?

எங்கள் வகுப்பில்

இதுவரை எழுதிய பின் எங்கள் மனம் எங்களையே சுட்டது. ஆறாம் வகுப்பில் எங்கள் தோழி ஒருத்தி பந்தெறிந்து சன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டாள். அன்று நாங்கள் அவளுக்கு 'ரவுடி' என்று பெயர் வைத்தோம். கண்ணாடியை மறுவாரமே மாற்றிவிட்டார்கள். பெயரை மட்டும் மாற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. இவ்வாண்டு விழா நாடகத்தில் திருடன் வேடத்தை அவளைக் கேளாமலேயே அவள் பெயருக்கு எதிரே எழுதினோம். "வேறு வேஷம் கேட்டால் தருவீங்களா?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள். எங்களுள் ஒருவருக்கும் விடை வரவில்லை.

இதைத் தமிழம்மாவிடம் கூறியபோது, அவர் கரும்பலகையில் இரண்டு தொடர்களை எழுதினார்.

அவள் கண்ணாடியை உடைத்தாள்.
அவள் ரவுடி.

"இவற்றுள் எது காலம் காட்டும்?" என்று கேட்டார். முதல் தொடர் இறந்தகாலம் காட்டும் என்றோம். இரண்டாவது காலம் காட்டாது. வினையாலணையும் பெயர் போன்ற சிலவற்றைத் தவிரப் பெயர்ச்சொல்லுக்குக் காலம் இல்லை என்பது நாம் படித்த இலக்கணமே. செயல் நேற்றோடு முடிந்துபோகும். பெயரோ நேற்றும் இன்றும் நாளையும் ஒட்டியிருக்கும். தவறு கண்டால் அதனை வினையால் சொல்வோம், ஆள்மீது பெயராக ஒட்ட வேண்டாம் என்பதே நாங்கள் கற்ற பாடம்.

எங்கள் தோழி நாடகத்தில் நீதிபதியாக நடித்தாள். கைத்தட்டலில் அரங்கம் அதிர்ந்தது.

பேருந்து அம்மையாரின் சொற்களில் அட்டகாசம் எங்களுக்குப் பொருந்தும் என்று ஒப்புக்கொள்கிறோம், நாங்கள் உரக்கச் சிரித்தவர்களே. அகராதியில் அதன் உடன்பிறப்பு ஒன்றையும் கண்டோம், மந்தகாசம் என்பது அதன் பெயர், மென்முறுவல் என்பது பொருள். பேருந்தில் பெரியவர்கள் இருக்கும்போது மந்தகாசம், முந்திரித் தோப்பில் இறங்கியபின் அட்டகாசம் என்று இப்போது முடிவு செய்திருக்கிறோம்.