காவல் உத்தியோகத்திற்கு உரியவர் யாவர்?

கல்லூரிப் படிப்பு முடியுந் தறுவாயில் நம் மாணவருட் சிலரை நோக்கி உற்றார் உறவினர், "நல்ல உயரம், நல்ல உடற்கட்டு, போலீஸ் வேலைக்கு எழுதிப் போடலாமே" என்று கூறுதல் வழக்கம். உயரத்தைக் கண்டு உத்தியோகத்தை விதிக்கும் இவ்வழக்கம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. 1829-ஆம் ஆண்டில் ராபர்ட் பீல் என்பார் இலண்டன் மாநகரக் காவற்படையை நிறுவியபொழுது, வயது, உயரம், எழுத்தறிவு, நன்னடத்தைச் சான்று ஆகிய இவற்றைப் பார்த்தே ஆட்களைச் சேர்த்தனர். அங்ஙனம் சேர்ந்தோருள் முதலாம் எண்ணைப் பெற்ற காவலரே, மது அருந்தியிருந்த குற்றத்திற்காக விலக்கப்பட்டார். அவர்தம் உயரத்தில் யாதொரு குறையும் இருந்திராது!

நம் மாநிலத்தில் இரண்டாம் நிலைக் காவலராக விரும்பும் ஆடவர் 1500 மீட்டர் தூரத்தை 7 நிமிடங்களுள் ஓடி முடித்தல் வேண்டும். மார்பளவு 81 சென்டிமீட்டர் இருத்தலும், மூச்சை உள்ளிழுக்குங்கால் அது 5 சென்டிமீட்டர் விரிதலும் வேண்டும். கயிறேறுதல் உண்டு, எழுத்துத் தேர்வு உண்டு, முன்னடத்தை பற்றிய விசாரணையும் உண்டு. இவை வேண்டா என்பது எம் கருத்தன்று. தேகபலமில்லாதவர் நள்ளிரவில் கலகக் கூட்டத்தின் நடுவே நிற்றல் இயலாது. ஆயினும் அளவுகோலுக்கு அகப்படுவது உடம்பு மட்டுமே என்பதை மறத்தலாகாது.

அறிவை அளந்து பார்க்கலாமே எனின், அதனையும் செய்து பார்த்தவருளர். 1916-ல் கலிபோர்னியா நாட்டுச் சான் ஹோசே நகரில், டெர்மன் என்னும் உளநூற் பேராசிரியர், காவற்பணிக்கு விண்ணப்பித்தோரை அறிவளவைத் தேர்வுக்கு உட்படுத்தினார். அவ்வழி சென்ற சென்று எங்கே முடிந்தது? அமெரிக்காவின் நியூ லண்டன் நகரத்தார் 20 முதல் 27 வரை மதிப்பெண் பெற்றோரையே நேர்முகத்திற்கு அழைத்தனர். 33 பெற்ற ஒருவரை, இத்துணை அறிவுடையார் இவ்வேலையில் விரைவிற் சலித்துப் போவார் எனத் தள்ளினர். அவர் வழக்குத் தொடுத்தார். நகரத்தார் செய்கை சட்டத்திற்கு முரணன்று என 2000-த்தில் மேல் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. நகைப்பிற்கிடமான செய்தியே, எனினும் அதனுள் ஓர் உண்மை உண்டு. காவற்பணியின் பெரும்பகுதி வீரச்செயலன்று. எழுத்தும், காத்திருப்பும், ஒரே வழக்கைப் பலர் வாயிலாகப் பன்முறை கேட்டலுமேயாம். திரைப்படங் கண்டு இவ்வேலையை விரும்புவோர் இதனைக் கருதுவதேயில்லை.

இனி, சட்டம் இப்பணியாளரை எவ்வாறு மதித்துள்ளது என்பதை நோக்குவோம். போலீஸ் அதிகாரியிடம் ஒருவன் அளித்த குற்ற ஒப்புதலை அவனுக்கு எதிராக மெய்ப்பித்தலாகாது என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் விதித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அவ்விதியைக் கைவிடவில்லை. கைது செய்யப்பட்டவனை, வழிப்பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துள் நீதிபதியின் முன் நிறுத்த வேண்டுமென அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு ஆணையிடுகின்றது. அதாவது, தனியறையில் ஒருவனைத் தன் கையகத்தே பெற்ற அதிகாரியைச் சட்டம் முற்றிலும் நம்பவில்லை! இவ்வையத்தைத் தம்மை இழிவுபடுத்துவதாகக் கொள்பவர் ஒருவகையினர். "ஆம், என்னையும் காக்கவே இவ்வேலி" என்றுணர்பவர் மற்றொரு வகையினர். பின்னவரே இவ்வுத்தியோகத்திற்கு உரியவர் என்பது எம் துணிபு. சான்று தேடிப் பல வாரம் அலையும் பொறுமையில்லாதவன் கை, தானே தடியை நாடும்.

அது நாடியபொழுது நேர்வதை நாம் அறியாதவரல்லேம். 2020 ஜூன் மாதத்தில் சாத்தான்குளத்திலே, பொதுமுடக்கக் காலத்தில் நேரங்கடந்து கடை திறந்து வைத்தனர் என்ற குற்றச்சாட்டின்மேற் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் காவலில் கொடுமையாக அடிக்கப்பட்டு, அடுத்தடுத்து மாண்டனர். அவர்களைத் தாக்கியோரும் ஒருகாலத்தில் உயரம் அளக்கப்பெற்று, ஓடிக் காட்டித் தேறியவர்களே. அந்நிலையத்தில் அவ்விரவு பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், தாம் கண்டதை விசாரணைக்கு வந்த நீதித்துறை நடுவரிடம் எடுத்துரைத்தார். தம் மேலதிகாரிகளுக்கு எதிராக, தாம் நாளும் வேலை செய்ய வேண்டிய இடத்தைப் பற்றி, அவர் அதனைச் சொன்னார். திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரம், ஆளைத் தேர்தற்குரிய சோதனைகளுள் உயிரச்சத்தையும் ஒன்றாக வைத்திருப்பதன் பொருள் அன்று நம் கண்முன் விளங்கிற்று. எந்த மைதானத்திலும் அச்சோதனையை நடத்துதல் இயலாது.

ஆகவே, மாணவ நண்பர் தம்மைத் தாமே சோதித்தல் வேண்டும். அதற்கு விடுதி வாழ்க்கையே போதும். உணவுக்கூடப் பொறுப்பு உம்மிடம் வந்த ஆண்டில், பரிமாறும் சிறுவனிடம் உம் குரல் எவ்வாறிருந்தது? உம் அறைத்தோழன் விதியை மீறியபோது அதனை எழுதினீரா, மறைத்தீரா? முதலாமாண்டு மாணவனைச் சிலர் சூழ்ந்துகொண்டு வருத்தியபோது நீர் எப்பக்கம் நின்றீர்? பிறர் உம்மைச் சினமூட்டினால் கைக்கு முன் வாய் பேசுமா, வாய்க்கு முன் கை எழுமா? இவ்வினாக்களுக்கு நண்பர் கூறும் விடையைவிட, உம்மை விரும்பாதவர் கூறும் விடை பெரிதும் பயன்படும்.

இன்னும் ஐயமிருப்பின், விண்ணப்பம் எழுதுமுன் ஒரு நாளை ஒதுக்கி, அருகிலுள்ள குற்றவியல் நீதிமன்றத்திற் சென்று பின்வரிசையில் அமர்ந்திருத்தல் நன்று. பெரும்பாலான விசாரணைகளை யாவரும் கேட்கலாம். சார்பு ஆய்வாளர் ஒருவர் கூண்டிலேறி நிற்க, எதிர்த்தரப்பு வக்கீல் அவருடைய நாட்குறிப்பிலுள்ள நேரமும் சாட்சி கூறிய நேரமும் வேறுபடுவதேன் என்று நயமாகவும் கடுமையாகவும் ஒரு மணி நேரம் வினவுவார். அவ்விடத்தில் நம்மை வைத்துப் பார்த்து, மெய்யை மட்டும் சொல்லி, தெரியாததைத் தெரியாதென்று கூறி, முகம் சிவவாமல் இறங்கி வர இயலுமா என்று எண்ணிப் பார்க்கலாம். பெரும்பாலும் முற்பகல் பத்தரை மணியளவில் அமர்வு தொடங்கும்.