லயத்து மீற்றர் யார் பெயரில்?

கேள்வி: மாத்தளை மாவட்டம், ரத்தோட்டைப் பக்கமுள்ள தோட்டமொன்றில் நான்கு லயங்களில் 38 குடும்பங்கள் இருக்கிறோம். எங்களுக்கு மின்சார சபையிடமிருந்து நேராகக் கரண்ட் வரவில்லை. தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் ஒரே ஒரு பெரிய மீற்றர். அங்கிருந்து சங்கம் போட்ட லைன் வழியாகக் காம்பராக்களுக்கு வருகிறது. காசைத் தோட்டம் சம்பளத்தில் பிடிக்கிறது. சங்கம் நான்கு வருடமாகக் கூட்டம் கூடவில்லை. நிலுவை ஏறிவிட்டதென்று இரண்டு தடவை கரண்டை வெட்டினார்கள். இந்த லைன் முழுவதையும் சபையே பொறுப்பெடுத்து வீட்டுக்கு வீடு மீற்றர் தரும்படி மனுக் கொடுத்தோம். "நிலுவையைக் கட்டி, தோட்டத்தின் சம்மதக் கடிதத்துடன் வரவும்" என்று ஏழு மாதத்துக்கு முன் எழுத்தில் பதில் வந்தது. தோட்ட ஆபீசில் கேட்டால் சங்கத்தைக் கேளுங்கள் என்கிறார்கள். போஸ்டும் வயரும் எங்கள் காசில் போட்டவை. என்ன செய்யலாம்?
வாசகர், ரத்தோட்டை

பதில்: உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி சங்கத் தலைவரைப் பற்றியது. இடம் கருதி அதைச் சுருக்கிவிட்டேன். அவர் நல்லவரா கெட்டவரா என்பதில் இந்த விஷயம் தங்கியிருக்கவில்லை. மனுவில் நீங்கள் கேட்டது என்ன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

"லைனைப் பொறுப்பெடுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு சொத்தைக் கைமாற்றிக் கொடுக்க அதன் சொந்தக்காரரால் மட்டுமே முடியும். உங்கள் காசு அதில் கலந்திருந்தாலும், அந்த லைன் சங்கத்தின் பெயரிலோ தோட்டத்தின் பெயரிலோ இருக்கும். ஆகவே சபை சங்கத்தையும் தோட்டத்தையும் காட்டியதில் வியப்பில்லை. நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: 38 குடும்பங்களும் தனித்தனியாக, தத்தம் வீட்டுக்குப் புதிய இணைப்பு. 2009 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டம், மின்சாரம் கேட்கும் தகுதியைக் காணி உறுதி வைத்திருப்பவருக்கு மட்டும் ஒதுக்கவில்லை. அந்த இடத்தில் குடியிருப்பவரும் கேட்கலாம். உறுதி இல்லாத லயத்து மக்களுக்கு இந்த ஒரு சொல்தான் பிடிமானம். 2024 இல் 36 ஆம் இலக்கச் சட்டம் வந்து, 2025 இல் அதற்கும் திருத்தம் வந்து, சபையையே பல கம்பனிகளாகப் பிரிக்க வழிவகுக்கப்பட்டது. நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் எந்தப் பிரிவு நடைமுறையில் இருக்கிறது, விண்ணப்பத்தை எந்த நிறுவனத்தின் பெயருக்கு எழுதுவது என்பவற்றை உங்கள் சட்டத்தரணி அன்றைக்குப் பார்த்தே சொல்ல வேண்டும். பத்திரிகையில் எழுதிய வரியை வைத்துக்கொண்டு விண்ணப்பிக்காதீர்கள்.

இதே சிக்கல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் இருந்தது. அங்கே நகரும் வீட்டுப் பூங்காக்கள் என்ற குடியிருப்புகள் உண்டு. வீடு குடியிருப்பவருக்கு, காணி பூங்கா உரிமையாளருக்கு. எரிவாயுவும் மின்சாரமும் உரிமையாளரின் ஒரே மீற்றர் வழியாக வந்து, உள்ளே பிரிந்து போகும். 2014 இல் அம்மாநிலப் பொதுப்பயன்பாட்டு ஆணைக்குழு இதை மாற்ற ஒரு திட்டம் வகுத்தது. பழைய குழாயையும் கம்பியையும் கம்பனிகள் தலையில் கட்டவில்லை. புதிதாகப் பதித்து, வீட்டுக்கு வீடு மீற்றர் வைத்து, பழையதைக் கைவிட்டார்கள். ஆனால் அங்கும் விண்ணப்பத்தில் காணிக்காரர் கையெழுத்து வேண்டியிருந்தது. இங்கும் உங்கள் பழைய லைனைச் சபை அப்படியே ஏற்கும் என்று எண்ண வேண்டாம். காணிக்காரரின் சம்மதமும் வேண்டியிருக்கும். போஸ்ட் நடுவது அவர் நிலத்தில்.

அந்தக் காணிக்காரர் யார்? கடிதத்தில் "தோட்டம்" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அது போதாது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் அரசுக்கு வந்த தோட்டங்கள் பல, 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போயின. அவற்றுக்கு 53 வருடக் குத்தகை. ஆனால் மாத்தளையில் ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ பிளான்டேஷன் ஆகிய அரச நிர்வாகங்களின் தோட்டங்களும் உண்டு. உங்கள் தோட்டம் இதில் எது என்பதைப் பொறுத்து, கடிதம் கேட்க வேண்டிய இடமும், அது மறுக்கப்பட்டால் போக வேண்டிய நீதிமன்றமும் மாறும். துரையிடம் வாயால் கேட்டது கணக்கில் வராது. தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் கேளுங்கள். அரச நிர்வாகம் என்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மின் கட்டணப் பிடித்தக் கணக்கையும் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மின்சார சபையிடமும் இதே வழியில் சங்கத்தின் நிலுவைக் கணக்கைக் கேளுங்கள்.

நிலுவையைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். அது சபைக்கும் கணக்கு வைத்திருக்கும் சங்கத்துக்கும் இடையிலான கடன். புதிதாக விண்ணப்பிக்கும் குடும்பத்தின் மேல் அது தானாக ஏறாது. ஆனால் "பங்குப்படி கட்டுகிறோம்" என்று 38 பேரும் ஒரு தாளில் ஒப்பமிட்டால் அன்றே அது உங்கள் கடனாகிவிடும். அப்படி ஏதாவது ஏற்கெனவே ஒப்பமிட்டிருக்கிறீர்களா? கடிதத்தில் இல்லை. இருந்தால் மேலே சொன்னது மாறும்.

இனி உங்களைக் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. சம்பளத்தில் பிடித்த காசு சபைக்குப் போகவில்லை என்கிறீர்கள். எத்தனை மாதம், எவ்வளவு? "சம்பளச் சீட்டுகளை யாரும் வைத்திருப்பதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். சம்பள சபைகள் கட்டளைச் சட்டப்படி, அனுமதிக்கப்பட்ட பிடித்தத்தைக்கூடத் தொழிலாளியின் சம்மதத்தோடுதான் பிடிக்கலாம். தொழில் அலுவலகத்தில் முறையிட இது வலுவான இடம். ஆனால் அங்கே முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான். 38 வீட்டில் ஒரு வீட்டிலாவது அரிசி டின்னுக்கடியில் சில சீட்டுகள் கிடக்கும். இன்றைக்கே தேடுங்கள். போஸ்டுக்குக் கொடுத்த காசுக்கு ரசீது கிடையாது, 2009 இல் கொடுத்தது. எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம், எழுத்தில் இருந்தால் ஆறு வருடம். அதற்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் காசைத் திருப்பிக் கேட்கும் காலம் போய்விட்டது என்றே நினைக்கிறேன். அதை விட்டுவிடுங்கள்.

அதைவிடப் பெரிய தவறு அந்த ஏழு மாதம். சபையின் பதில் எழுத்தில் வந்திருக்கிறது. அரச நிறுவனமொன்றின் முடிவு சம உரிமையை மீறுகிறது என்று உயர் நீதிமன்றம் போக, அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரை தருவது ஒரே ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. கண்டியில் அதன் அலுவலகம் இருக்கிறது. ரத்தோட்டையிலிருந்து ஒரு பகல் பயணம். கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு ஏழு மாதம் கழித்துப் பத்திரிகைக்கு எழுதுகிறீர்கள். அடுத்த கடிதம் எதுவாக இருந்தாலும், கைக்கு வந்த திகதியை அதன் மேலேயே எழுதி, அந்த வாரத்துக்குள் சட்டத்தரணியிடம் கொண்டு போங்கள்.

எல்லாம் முடிந்துவிடவில்லை. தனித்தனி இணைப்புக்கான விண்ணப்பம் வேறு கோரிக்கை; அதற்கு வரும் முடிவும் வேறு முடிவு. ஆனால் பழைய மனுவையே மறுபடி எழுதினால் காலம் புதுப்பிக்கப்படாது. ஆகவே வாசகத்தைச் சட்டத்தரணி எழுதட்டும். கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று, வாக்காளர் இடாப்புப் பிரதி, தேசிய அடையாள அட்டை, தகுதிபெற்ற மின்னிணைப்பாளர் வீட்டு வயரிங்கைப் பார்த்துத் தரும் அறிக்கை ஆகியவை ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே வேண்டும். சபை மறுத்தால் அல்லது பதிலே தராவிட்டால் இலங்கை பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். சங்கம் செத்துக் கிடப்பது பற்றி மாகாணக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்துக்கு எழுதுங்கள். விசாரிக்கவும், தேவையானால் சங்கத்தைக் கலைத்து அதன் சொத்தை ஒழுங்கு செய்யவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அந்தப் பழைய லைன் யாருடையது என்ற கேள்விக்கு அங்கேதான் விடை வரும்.

தனி மீற்றருக்கு இவ்வளவு பாடுபடுவது வீணா என்று உங்களில் சிலர் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். வீண் இல்லை. வீட்டுப் பாவனைக் கட்டணத்தில் மாதம் 60 அலகுக்குள் நிற்பவருக்குக் குறைந்த கட்டண வரிசை உண்டு. இரண்டு பல்பும் ஒரு டிவியும் உள்ள காம்பரா அதற்குள் அடங்கும். 38 வீட்டின் பாவனை ஒரே கணக்கில் விழும்போது அந்தச் சலுகை உங்களை வந்தடைகிறதா? சங்கத்தின் பில் எந்தக் கட்டண வகையில் வருகிறது என்று பாருங்கள். அதோடு, பக்கத்து வீட்டுக்காரர் கட்டாததற்காக உங்கள் பிள்ளை மெழுகுவர்த்தியில் படிக்க வேண்டியதில்லை.

அதுவரைக்கும், கரண்ட் வெட்டப்பட்ட நாட்களில் யாரும் கொக்கி போடாதீர்கள். அது குற்றம். விண்ணப்பத்தையும் கெடுக்கும். பழைய லயத்துக் கூரைக்கு அடியில் தீப்பிடிக்கவும் அதுவே போதும்.

சட்டத்தரணிக்குக் கட்டணம் கொடுக்க வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. மாத்தளை நீதிமன்றத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். உங்கள் கடிதத்தை மட்டும் படித்து எழுதிய பதில் இது. சபையின் பதிலையோ சங்கத்தின் பதிவையோ நான் பார்க்கவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு, நிலுவை பற்றி எந்தத் தாளிலும் ஒப்பமிடும் முன்பு, ஒரு சட்டத்தரணியை நேரில் பாருங்கள்.